கேட்காமல் கட்டிய இரண்டு தவணை

அன்புள்ள மகனுக்கு,

நீ எனக்கு ஒரு அநியாயம் செய்துவிட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் கடன் கணக்கில் இரண்டு மாதத் தவணையைக் கட்டிவிட்டாய். மற்றபடி நானும் அப்பாவும் நலமாகத்தான் இருக்கிறோம். நீயும் மருமகளும் நலம்தானா என்று பதில் எழுதும்போது முதலில் அதைச் சொல்.

பழுதுபார்க்க விடுதியை ஆறு மாதம் மூடிவிட்டார்கள். நம் சலவைக்கூடத்துக்கு வரும் விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாவற்றிலும் முக்கால்வாசி அங்கிருந்துதான் வந்தது. இப்போது பெரிய இயந்திரம் வாரத்தில் இரண்டு நாள் சுற்றுகிறது, மற்ற நாட்களில் அதன்மேல் அப்பா செய்தித்தாளை விரித்துப் படிக்கிறார். அந்த இயந்திரத்துக்குத்தான் கடன், கடனுக்கு ஈடு இந்த வீடு. தவணை தவறிய பிறகு போய்க் கெஞ்சுவதைவிட, தவறுமுன் போய்க் கேட்பதுதான் மரியாதை என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தை ஆறாவதோடு விட்டவள்தான், ஆனாலும் கடன் பத்திரத்தைப் பொடி எழுத்து விடாமல் மூன்று முறை படித்து, வருமானம் குறைந்தால் சலுகை கேட்கலாம் என்று பதினான்காம் பக்கத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தவள் நான். வங்கியின் கடன் பிரிவு அதிகாரிக்கே அதை நான்தான் காட்டினேன். ஆறு மாதத்துக்குப் பாதித் தவணை, மீதியைக் கடைசியில் நீட்டித்துக் கட்டுகிறேன் என்று நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எல்லாம் சரியா இருக்கும்மா, இருபது நாள்ல பதில் வந்துடும் என்றார்.

இருபதாம் நாள் போனால் திரையை என் பக்கம் திருப்புகிறார். என்னம்மா இது, கட்ட முடியலன்னு எழுதிக் குடுத்துட்டு முழுசா ரெண்டு தவணை கட்டியிருக்கீங்க, மேலிடத்துல யாரு நம்புவாங்க என்கிறார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவன், இந்த மாதிரி கஷ்டம் நமக்கும் வரக் கூடாதா என்று சிரித்தான். கட்டியது என் மகன் என்றேன். அப்போ இனிமே அவரே கட்டட்டும், ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்லுங்க என்று என் நான்கு பக்கத்தையும் என் கையிலேயே திணித்தார். பொய் சொல்லிப் பிடிபட்டவள் மாதிரி வெளியே வந்தேன்.

உன்னிடம் தொலைபேசியில் கணக்கு எண்ணைப் படித்துக் காட்டியது அப்பாதான். அவரிடம் ரகசியம் சொல்வதும் தெருவில் ஒலிபெருக்கி கட்டுவதும் ஒன்று. நீ அனுப்பியதும் உன் கைப்பணம் இல்லை, சக ஊழியரிடம் கைமாற்று வாங்கியது என்று மருமகள் சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே, இந்தக் குடும்பத்தில் உண்மை பேசுகிறவள் அவள் ஒருத்திதான். நான் உன்னிடம் முன்பே சொல்லாததுதான் தப்பு என்கிறார் அப்பா. அதை நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

இனி நடக்க வேண்டியதை எழுதுகிறேன். அப்பா, விடுதி மேலாளரிடம் திறக்கும் தேதியைக் கையெழுத்தோடு வாங்கி வர வேண்டும். வரும்வரை தொலைபேசியைத் தொடக் கூடாது. மருமகள், அவளே என்னிடம் சொன்ன உன் இருமலுக்கு உன்னை மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதிகாரி, என் புது விண்ணப்பத்தை வாங்கி முத்திரை போட்டு ரசீது தர வேண்டும். தரும்வரை நான் அவர் எதிரிலுள்ள நாற்காலியை விட்டு எழ மாட்டேன். நீ, அம்மாவுக்குத் தெரியாமல் கடன் வாங்கிக் கட்டினேன், இனி என்னால் முடியாது என்று கையால் எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும். ஜாமீன் என்று எந்தத் தாள் வந்தாலும் கையெழுத்துப் போடக் கூடாது. நீ கட்டிய இரண்டு மாதமும் முடிந்தபின், ஏழாம் தேதி நான் பாதித் தவணைதான் கட்டுவேன். பதினோரு வருடத்தில் முதல் முறையாக என் பெயருக்கு எதிரே சிவப்புக் கோடு விழும். அன்றைக்கு நீ கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். நான் உன்னிடம் கேட்கும் உதவி அது ஒன்றுதான்.

நன்றாக இரு, இருவரும் நிறைவாக வாழுங்கள். நீ அனுப்பும் அந்தக் கடிதத்தில் தேதி போட மறந்துவிடாதே.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா