மூத்தவளுக்கு வீடு

2025 ஜனவரி 19

பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளை மாமி இன்று வெல்லாவெளிக்குப் போய்விட்டார். வீட்டை வாங்கியவர்கள் கொழும்பு ஆட்கள். காப்பிக் கடை ஆக்கப் போகிறார்களாம். எங்கள் ஒழுங்கையில் கைமாறிய நாலாவது வீடு இது. முன்பு வாவிக் கரைக்குக் குப்பை கொட்டத்தான் ஆட்கள் வருவார்கள். இப்போது படம் எடுக்க வருகிறார்கள்.

லொறியில் ஏற முன் மாமி எங்கள் கடப்படி வாசலில் நின்று அம்மாவுடன் கதைத்தார்.

“ஒனக்கென்ன புள்ள, மூத்தவள்ற வீடு வாவியப் பார்த்து இரிக்கி. மாப்பிள்ளை நீந்தியெண்டாலும் வருவான்.”

அம்மா சிரித்தார். மேனுகா அக்காவும் சிரித்தாள். நான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். மூத்தவளின் வீட்டு முற்றம்.

ஜனவரி 26

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மூத்தவள் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை இங்கே வருவார், வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் ஒதுங்க வேண்டும். இளையவளுக்கு வேறு எங்காவது. இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்த விசயம் ஏன் இப்போது மட்டும் குத்துகிறது?

அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போகும்போது எனக்குப் பதின்மூன்று வயது. அக்காவுக்கு ஏ.எல். சோதனை. அப்பா விடிய ஆட்டோவைக் கொண்டு போனால் இருட்டத்தான் வருவார். சமைக்க ஒரு ஆள் வேண்டும். ஒன்பதாம் வகுப்போடு நான் நின்றேன். ஒருவரும் அடித்து நிறுத்தவில்லை. எழும்பி நின்று வாசி என்றால் எனக்குக் குரல் வராது. அதனால் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆனால் அம்மா திரும்பி வந்த பிறகும் சேர்த்து நாலு வருசமாக இந்த வீட்டைப் பார்த்தவள் நான். எந்த ஓட்டால் மழை ஒழுகும், கிணற்றுக் கப்பி எப்போது கத்தும், எல்லாம் எனக்குத் தெரியும். சமைக்கிற குசினியின் பின்கதவு கீல் இறங்கியது. கைப்பிடியைத் தூக்க வேண்டும், தோளால் தள்ள வேண்டும், அடியில் முழங்காலால் இடிக்க வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில். என்னைத் தவிர ஒருவருக்கும் பூட்ட வராது. அக்கா அறைக்குள் இருந்தபடியே “யசோ, கதவு” என்பாள்.

பெப்ரவரி 9

காப்பிக் கடை திறந்துவிட்டார்கள். மாமியின் ஆட்டுக் கொட்டில் இருந்த இடத்தில் பிரம்பு ஊஞ்சல். தேத்தண்ணிக்குள் ஒரு தேசிக்காய்த் துண்டைப் போட்டுவிட்டு அதற்கு வேறு பெயர். அப்பாவுக்குச் சந்தோசம், ஆட்டோவை வாசலிலேயே நிறுத்தி வைக்கிறார்.

அக்கா கம்பஸ் கூட்டாளிகளோடு அங்கே போனாள். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று எங்கள் வீடும் வாவியும் விழுகிற மாதிரிப் படம் எடுத்தார்கள். நான் முற்றத்தில் கூட்டிக்கொண்டு நின்றேன்.

“யசோ, கொஞ்சம் அங்கால போ. தும்புத்தடியோட நிக்கிறாய்.”

போனேன். பிறகு அவள் குளிக்கப் போன நேரம் போனை எடுத்துப் பார்த்தேன். ‘என் வீடு’ என்று போட்டிருக்கிறாள். நூற்றி நாற்பது பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். முற்றம் சுத்தமாக இருந்தது. அது என்னுடைய கூட்டல்.

மார்ச் 2

அக்காவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். களுவாஞ்சிக்குடி ஆட்கள். மாப்பிள்ளை பெயர் மதுஷன், பாசிக்குடாவில் ஒரு பெரிய ஹோட்டலில் வேலை. தாய் இல்லை, பெரியம்மா வளர்த்தவராம். மாப்பிள்ளை அக்காவைப் பார்த்ததைவிட யன்னலால் வாவியைப் பார்த்ததுதான் கூட. அக்காவுக்கு அது தெரியவில்லை. அல்லது தெரிந்தும் பிடித்திருக்கிறது.

நான் பலகாரம் கொண்டு போனேன். “தங்கச்சி என்ன செய்யிறீங்க?” என்று கேட்டார். நான் தட்டை மேசையில் வைத்தேன். அக்காதான் சொன்னாள்.

“அவ வீட்ட இரிக்கிறா.”

மார்ச் 3

வீட்ட இரிக்கிறா. ஓம். ஆருடைய வீட்ட?

மார்ச் 23

கலியாணம் ஆவணியில். அதற்குப் பிறகு வெளிநாட்டு ஆட்கள் தங்க அறைகள் கட்டுவார்களாம். மதுஷன் அத்தான் ஒரு தாளில் வீட்டின் படத்தைக் கீறிக்கொண்டு வந்திருந்தார். என் அறை இருக்கும் இடத்தில் ஒரு மேசையும் கதிரையும். வருகிறவர்கள் பெயர் பதிகிற இடமாம்.

அக்கா அந்தத் தாளின் மேல் குனிந்து நின்ற விதம்! பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி. எனக்கு அவளுடைய பின்னலைப் பிடித்து இழுக்க வேண்டும் போல் இருந்தது. சின்னப் பிள்ளைகள் மாதிரி.

அம்மா குசினிக்கு வந்து மெல்லச் சொன்னார். “பின்வளவு ஒனக்குத்தான் மனே. நான் இன்னொருக்கா குவைத்துக்குப் போயிற்று வந்து கட்டித் தருவன்.”

பின்வளவில் பழைய கக்கூசும் இரண்டு தென்னையும் இருக்கின்றன. அங்கிருந்து வாவி தெரியாது. அக்காவின் குளியலறைச் சுவர்தான் தெரியும்.

ஏப்ரல் 14

வருசப் பிறப்பு. அத்தான் அக்காவுக்குக் கைவிசேசக் காசோடு ஒரு மணிக்கூடும் கொடுத்தார். எனக்குக் கைவிசேசம் மட்டும். அவள் அதைக் கட்டிய கையாலேயே கறிச் சட்டியை நகர்த்தினாள், நான் பார்க்க வேண்டும் என்று. இல்லை, அப்படியில்லை. எனக்குத்தான் எல்லாம் அப்படித் தெரிகிறது.

ஏப்ரல் 27

இன்று ஒன்று செய்துவிட்டேன்.

அம்மாவும் அக்காவும் சேலை எடுக்கப் போயிருந்தார்கள். அத்தானின் பெரியம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். கல்லடியில் ஒரு வீட்டுக்கு வந்தவராம், இந்தப் பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். தேத்தண்ணி கொடுத்தேன். குடித்துக்கொண்டே முகட்டைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார்.

“வீடு வளவு எல்லாம் மேனுகாக்குத்தானே புள்ள?”

நான் தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். எப்போதும் அதைத்தானே செய்வேன்.

“இல்ல. குவைத் போகக்குள்ள வீடு எனக்கெண்டுதான் அம்மா சொன்னவ. நான்தானே படிப்ப விட்டன்.”

வெளி ஆளிடம் இவ்வளவு நீளமாக நான் கதைத்ததே இல்லை. குரல் நடுங்கவும் இல்லை.

பெரியம்மா கோப்பையைப் பாதியோடு கீழே வைத்தார். “நீ கதைக்காத புள்ளதானே. ஒனக்குப் பொய் வராது” என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 28

அம்மா அப்படிச் சொல்லவில்லை. குவைத்துக்குப் போக பஸ்ஸில் ஏறும்போது “கதவுகளப் பூட்டிற்றுப் படுங்க” என்று மட்டும்தான் சொன்னார்.

மே 4

விடியவே அம்மாவின் போன் அடித்தது. பெரியம்மா. சத்தம் எனக்கு வெளியே வரை கேட்டது.

“பின்னுக்குப் பிரச்சின வேணாம் தங்கச்சி. இளையவளுக்கு ஆசை காட்டி வைச்சிரிக்கிறீங்க போல. கலியாணத்துக்கு முதல் வீட்டு உறுதிய எழுதி முடிங்க. வீடு, பின்வளவு, ஒரு அங்குலமும் மிச்சம் வைக்காம மேனுகாட பேருக்கு. இல்லாட்டி நாங்க வேற இடம் பார்க்கிறம்.”

நான் நினைத்தது கலியாணம் குழம்பும் என்று. அப்படித்தான் நினைத்தேனா? என்ன நினைத்தேன் என்றே தெரியவில்லை. இது நடக்கும் என்று நினைக்கவில்லை.

அம்மா வாசற்படியில் குந்திவிட்டார். “ஆர் இதச் சொன்ன? ஆர் இவகளுக்குச் சொன்ன?”

“நானே இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்த ஆள். உறுதியப் பத்தி எனக்கென்ன தெரியும்?” என்றார் அப்பா.

“சீதேவிப்பிள்ளைதான். அவளுக்குத்தான் வாய்” என்றார் அம்மா.

பாவம் மாமி, வெல்லாவெளியில் இருந்து தும்மியிருப்பார். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. என்னை நினைக்கவே இல்லை. அக்கா மட்டும் என்னைப் பார்த்தாள். பிறகு அறைக்குள் போய்விட்டாள். இன்று முழுவதும் “யசோ, கதவு” என்று அவள் கூப்பிடவில்லை.

மே 6

சொல்லிவிடலாம். அம்மா அரிசி புடைக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன். “என்ன?” என்றார். உப்பு முடிந்துவிட்டது என்றேன்.

மே 23

உறுதி எழுத எல்லாரும் நொத்தாரிசிடம் போனோம். மின்விசிறிக்குக் கீழே இருந்து அவர் எல்லைகளை வாசித்தார். வடக்கே ஒழுங்கை, கிழக்கே வாவிக் கரை. தெற்கே, தென்னை இரண்டும் உள்ளடங்க. பின்வளவு போய்விட்டது. கக்கூசும்கூட.

அம்மா கையெழுத்து வைத்தார். அக்கா வைத்தாள். அவளுடைய கையெழுத்து வடிவு, பெரிதாகச் சுழித்து எழுதுவாள். அந்த நேரத்திலும் நான் அதைத்தான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மா என் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “ஒனக்கு நான் என்ன செய்வன் மனே. ஒனக்கெண்டு ஒண்டும் இல்லாமப் போயிற்றே.” நான் அம்மாவின் கையை எடுத்து விட்டேன். அந்தக் கை என் தலையில் இருக்க எனக்குத் தாங்கவில்லை.

ஜூன் 8

கண்ணகி அம்மன் கோயில் சடங்குக்கு எல்லாரும் போனார்கள். வயிற்றுக் குத்து என்று நான் போகவில்லை. அம்மனுக்கு முன்னால் நிற்கப் பயம்.

ஆகஸ்ட் 24

கலியாணம். அக்கா நல்ல வடிவு. எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். அவள் கூறைச் சேலையோடு என் காதுக்குள், “சாப்பிட்டயா?” என்று கேட்டாள். மண்டபத்தில் அத்தனை பேர். ஏன் என்னைப் போய்க் கேட்டாள்?

செப்டம்பர் 7

வந்துவிட்டோம், அம்மாவும் அப்பாவும் நானும். பெரிய றோட்டுக்கு அங்கால, உள்ளே ஒரு வாடகை வீடு. இரண்டு அறை, தகரக் கூரை, பொதுக் கிணறு. அம்மா மறுபடியும் பாஸ்போட்டை எடுத்துப் பார்க்கிறார். அப்பா விடிய எழும்பிப் பழைய ஒழுங்கைக்குத்தான் ஆட்டோவைக் கொண்டு போகிறார். சவாரி அங்கேதான்.

இந்த வீட்டுக் கதவுகள் எல்லாம் ஒழுங்காகப் பூட்டுகின்றன. ஒருவருக்கும் நான் தேவையில்லை.

செப்டம்பர் 15

அக்கா எனக்குப் போன் எடுத்தாள்.

“யசோ, அந்தப் பின்கதவ எப்பிடிப் பூட்டுற? ராவு முழுக்கத் திறந்து கிடந்த. நாய் வந்து மாச்சட்டிய நக்கிற்றுப் போயிற்று. இவர் கயிறு கட்டி வைச்சிரிக்கார்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. உறுதியில் கதவும் இருக்கிறது, அதைப் பூட்டுகிற வழி இல்லை.

“கைப்பிடியத் தூக்கி, தோளால தள்ளு” என்றேன்.

“அவ்வளவுதானா?”

“ஓம்.”

முழங்காலைச் சொல்லவில்லை. அது என்னிடமே இருக்கட்டும். எனக்கென்று ஏதாவது இருக்க வேண்டாமா?

செப்டம்பர் 16

திரும்பவும் எடுத்தாள். வரவில்லையாம். “பழகப் பழக வரும்” என்றேன். நான் எப்படிப்பட்ட ஆள்?

செப்டம்பர் 21

அம்மா கருவாட்டுப் பொரியல் செய்து, அக்காவிடம் கொடுத்துவிட்டு வா என்று அனுப்பினார். ஒழுங்கைக்குப் புதிதாகப் பலகை நட்டிருக்கிறார்கள், இங்கிலீசில் பெயர். வெள்ளைக்காரப் பெட்டை ஒன்று காப்பிக் கடைக்கு வழி கேட்டது. கையைக் காட்டினேன். எங்கள் வாசலில் சீமெந்து மூட்டைகள். என் அறைச் சுவர் இல்லை.

முன்னால் போக மனமில்லாமல் பின்பக்கத்தால் போனேன். தென்னைகளைச் சுற்றி நாலு கட்டை அடித்து, நீல நைலோன் கயிறு கட்டியிருந்தது. கக்கூசை இடித்து அள்ளிவிட்டார்கள். மண்வெட்டியோடு நின்ற மேசன், “கயித்துக்கு இஞ்சால வாங்க தங்கச்சி. அதுக்குள்ள மண்ணும் கொட்ட வேணாமெண்டு அக்கா சொன்னவ” என்றார்.

“ஏன்?”

“அது அவட தங்கச்சிட வளவாம்.”

நான்தான் அந்தத் தங்கச்சி என்று அந்த ஆளுக்குத் தெரியாது.

அக்கா குசினிக்குள் மாப் பிசைந்துகொண்டிருந்தாள். மணிக்கூட்டைக் கழற்றி யன்னலில் வைத்திருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்.

“தை பிறக்க ஒனக்குப் பின்வளவ எழுதுவம். அம்மாவ அந்தப் பாஸ்போட்ட உள்ளுக்கு வைக்கச் சொல்லு.”

“அத்தான்?”

“முகத்தத் தூக்கிக்கொண்டு திரியிறார். திரியட்டும். அதுல மூணு அறை கட்டப் பார்த்தவர்.”

நான் கருவாட்டை வைத்துவிட்டு நின்றேன். போகவும் முடியவில்லை.

“பெரியம்மாக்கு நீதான் சொன்ன எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்.”

“எப்பிடி?”

“வேற ஆர் சொல்லியிருந்தாலும் அவ நம்பியிருக்க மாட்டா.” அவள் சிரித்த மாதிரி இருந்தது. “பதினேழு வருசத்துல ஒருக்கா வாயத் திறந்தாய். அதுக்கும் எனக்குத்தான் கொள்ளி.”

மன்னிச்சுக்கொள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது எரிச்சல்தான். என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. எழுதி வாங்கியதை எல்லாம் தானே வைத்திருக்கலாம், கட்டை அடித்து வைத்திருக்கிறாள். நல்லவளாக இருப்பதிலும் மூத்தவள்தான் முந்த வேண்டுமா?

கதவு கயிற்றில் தொங்கிக்கொண்டு நின்றது. கயிற்றை அவிழ்த்தேன்.

“இஞ்ச வா. நான் ஒண்டு சொல்லாம விட்டுட்டன். முழங்கால்.”

தூக்கி, தள்ளி, இடித்துக் காட்டினேன். மாக் கையோடு அக்கா வந்து நின்றாள். பாவாடையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு ஒரு இடி இடித்தாள்.

முதல் தரமே பூட்டிவிட்டாள்.