தாளிக்காத சோறு

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை.

புதுச்சேரிக்குப் போய் மூக்கு டாக்டரைப் பார்த்தாயிற்று. போன மாதம் வந்த காய்ச்சலில் வாசனை நரம்பு அடிபட்டிருக்கிறதாம். முதலில் வாசனையே இல்லை. இப்போது வருவதெல்லாம் தப்பு வாசனை. திரும்பிவிடும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார். எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, தைலம், ஒவ்வொன்றாக இரண்டு வேளையும் முகர வேண்டும். எதைச் சாப்பிட முடிகிறது என்று எழுதிவைக்கவும் சொன்னார். மகள் தர்ஷினியின் பழைய கணக்கு நோட்டில் பின்பக்கம் காலி. அதில்தான் எழுதுகிறேன்.

முடியாதவை: வெங்காயம், பூண்டு, கோழி, முட்டை, காபி, கருவாடு, தாளித்தது, பொரித்தது. பல் விளக்கும் பேஸ்ட்கூட.

முடிந்தவை: ஆறிப்போன வெறும் சோறு.

கருவாடு என்று எழுதும்போது கை நின்றுவிட்டது. சுட்ட கருவாடு இருந்தால் குழம்பே கேட்க மாட்டேன் நான். இப்போது எல்லாமே எரிந்த டயரும் செத்த எலியும் கலந்த மாதிரி. இதில் நாங்கள் பிழைப்பதே கோழி பொரித்துத்தான். பாகூர் பஸ் நிறுத்தத்துப் பக்கம் சாயங்காலத்துக் கடை, சிக்கன் பக்கோடா. பொரிப்பது என் வீட்டுக்காரர். மசாலா என் கை.

எடை குறைந்திருக்கிறது. ஜாக்கெட் எல்லாம் தொளதொள.

நவம்பர் 6, வியாழன்

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. காஸ் சொல்ல வேண்டும்.

இவருடைய அக்கா எங்களோடுதான் இருக்கிறார். நான் அண்ணி என்பேன். வெங்காயம் நறுக்கும்போது ஓடிப்போய் வாந்தி எடுத்ததைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்தார்.

“தலைக்குக் குளிச்சி எத்தினி நாளாவுது?”

“அதெல்லாம் இல்ல அண்ணி. மூக்குல கோளாறு.”

“மூக்குல கோளாறுன்னா சளி வரும். வாந்தி எப்பிடிடி வரும்?”

சாயங்காலம் யார் கண்ணோ பட்டிருக்கிறது என்று வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டார். நான் குடையோடு தெருவில் நின்றேன். எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வை!

இரவுக்குத் தயிர்சோறு. தாளிக்காமல். தயிர் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. காய்ச்சல்காரர் சாப்பாடு என்பேன். இன்று நான்கு வாய் உள்ளே போயிற்று. பிடிக்கவில்லை. ஆனால் நாறவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

இதை டாக்டரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

சாப்பாடு மட்டும் இல்லை. இவரும் நாறுகிறார்.

கடை முடித்து வரும்போது சட்டையில் எண்ணெயும் மிளகாயும் மணக்கும். எனக்கு அது பிடிக்கும். பத்து வருஷமாக அந்த வாசனை உள்ளே வந்தால்தான் கதவைத் தாழ்போடுவேன். இப்போது அவர் செருப்பைக் கழற்றும்போதே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன். பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். மறுநாளே புது சோப்பு வாங்கிவந்து இரண்டு முறை குளித்தார். சோப்பு அதைவிட மோசம். எப்படிச் சொல்வேன்?

இன்று காலை தர்ஷினிக்குத் தலை சீவினேன். தேங்காயெண்ணெய் போட்ட தலை. உச்சியில் மூக்கை வைத்து ஒரு முறை இழுத்துவிட்டுத்தான் ரிப்பன் கட்டுவேன், பிறந்ததிலிருந்தே. பழக்கத்தில் குனிந்துவிட்டேன். டயர். முகத்தைத் திருப்பியதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டாள்.

“ம்மா, நான் நாறுறனா?”

“இல்லடி. தும்மல் வந்துது.”

ஒன்பது வயதுப் பெண். நம்பவில்லை. அண்ணியிடம் போய்ப் பின்னிக்கொண்டாள்.

நவம்பர் 12, புதன்

நேற்று மத்தியானம் ரொம்ப நேரம் கரண்ட் இல்லை. காலையில் வாங்கிவைத்த கோழி ஃப்ரிட்ஜில். நான்தான் எடுத்து மசாலா தடவி அனுப்பினேன். கெட்டுப்போயிருந்தது. எனக்கு நல்ல கோழியும் அப்படித்தான் நாறுகிறது, கெட்டதும் அப்படித்தான். எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

முதல் ஈடு எடுத்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஒருவர் ஒரு துண்டை வாயில் போட்டுத் துப்பிவிட்டார். மொத்தத்தையும் கொட்டிவிட்டுக் கடையை மூடிக்கொண்டு விளக்கு வைக்கும் நேரத்துக்கே வந்துவிட்டார்.

கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

“இனிமே நீ மசாலா போடாத, வசந்தி. அக்கா போடட்டும்.”

அவ்வளவுதான். மசாலா டப்பாக்களை அண்ணி மேல் அலமாரிக்கு மாற்றிவிட்டார். என் உயரத்துக்கு எட்டாது. வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்.

யாராவது பிள்ளை அதைத் தின்றிருந்தால்? அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் தேய்த்தது, விளக்கேற்றியது, எதுவும் ஞாபகமில்லை.

நவம்பர் 15, சனி

வெயில். மூன்று வாளித் துணி.

தெருவில் வண்டியில் டிராகன் பழம் வந்தது. போன வருஷம் ஒன்று வாங்கி, இதில் என்ன இருக்கிறது என்று மாட்டுக்குப் போட்டேன். இன்று ஃப்ரிட்ஜில் வைத்துச் சாப்பிட்டேன். ஜில்லென்று வழுக்கிக்கொண்டு போகிறது. விதை பல்லில் நறநற. மணமில்லாததுதான் அதன் நல்ல குணம். முழுப் பழமும் நானே.

மூக்குதான் கெட்டிருக்கிறது, நாக்கு கெடவில்லை. உப்பு தெரிகிறது. புளிப்பு, கசப்பு, காரம் எல்லாம் தெரிகிறது. பீட்ரூட்டை வேகவைத்து ஆறவிட்டுத் தயிரில் போட்டேன். தயிர்ப் புளிப்புக்குப் பின்னால் பீட்ரூட் இனிப்பு மெதுவாக வருகிறது. வெள்ளரிப் பிஞ்சு, உப்பு. நெல்லிக்காய். இதையெல்லாம் இத்தனை நாள் சாப்பாடு என்றே நினைத்ததில்லை.

கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டேன். பசியால் இல்லை. நன்றாக இருந்தது, அதனால். சாப்பிட்டு முடித்ததும் அழுகை வந்தது. இப்படியே பழகிவிட்டால்? கருவாடு வேண்டாம் என்று இருந்துவிடலாம். மற்றது?

நவம்பர் 18, செவ்வாய்

கார்த்திகை பிறந்துவிட்டது. மாலை போட்டவர்கள் அதிகம். கடையில் கூட்டமில்லை.

ரேஷன் கார்டு வேலையாக இவரோடு வண்டியில் போனேன். காற்று அவர் மேல் பட்டு நேராக என் முகத்தில். ஏரிக்கரை வரைக்கும் தாங்கினேன். பிறகு தோளைத் தட்டி நிறுத்தச் சொல்லி இறங்கி, ஓரமாகப் போய் வாந்தி.

தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு ஏரியைப் பார்த்தபடி நின்றார். தண்ணீர் கரைதொட்டு நின்றது.

“எம் பின்னால உக்கார்றதுக்கே அருவருப்பா இருக்குதா ஒனக்கு?”

வாய் கொப்பளித்தேன்.

“பொண்ணு பாக்க வந்தப்ப ஒங்கம்மா சொன்னாங்களே, கோழிக்கடக்காரன் வூடு, நாறும்னு. உள்ள நின்னு சொன்னாங்க. எனக்குக் கேட்டுது. பத்து வருசம் கழிச்சி இப்பதான் ஒனக்கும் தெரியுதா?”

இவ்வளவு நாள் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

அப்புறம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சட்டை வாசனைக்கு நான் காத்திருப்பது. இப்போது வருவது. புது சோப்பு. பிள்ளையின் தலை.

“ஒங்கள மட்டும் இல்லீங்க. டாக்டரு மோந்து பாக்கச் சொன்னாரே ரோஜா, அதுவும் டயரு நாத்தம்தான்.”

பாட்டிலை வாங்கி மூடியைத் திருகினார்.

“அப்ப ரோஜாவும் நானும் ஒண்ணுன்ற.”

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. “இத மொதல்லயே சொன்னா இன்னாடி? நான் இன்னா இன்னாவோ நெனச்சிகினு...” என்று பாதியில் விட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தேன். அவர் வண்டியில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தார்.

நவம்பர் 20, வியாழன்

மத்தியானம் இவர் என் தட்டுக்கு எதிரே, ஆனால் நடைப்பக்கம், தள்ளி உட்கார்ந்தார். எனக்குப் போட்ட பீட்ரூட் தயிரைத் தானும் கேட்டார். ஒரு வாய்.

“இத எப்பிடித்தான் துன்றியோ!”

“வுட்டுடுங்க.”

விடவில்லை, முடித்தார். முகம் வேப்பங்கொழுந்து தின்றவர் மாதிரி.

மூன்று மணிக்கு அண்ணி மசாலா கலக்கிக்கொண்டிருந்தார். கோழியை முகர்ந்து, “நல்லா இருக்குது” என்று சத்தமாகச் சொன்னார், எனக்காக. பிறகு விரல் நுனியில் மசாலாவைத் தொட்டு நான் நின்ற வாசலுக்கே வந்து நீட்டினார். மூக்கைப் பிடித்துக்கொண்டு நாக்கில் வைத்தேன்.

“உப்பு பத்தல. எலுமிச்சம்பழம் பாதி புழிங்க.”

“கண்ணுபட்டதுன்னு நெனச்சேன்டி” என்றார். மன்னிப்பு மாதிரி இருந்தது.

பல் விளக்கப் பேஸ்டுக்குப் பதில் உப்புத்தூள். பரவாயில்லை.

வாசனைப் பயிற்சி: கிராம்பு மோசம். ரோஜா மோசம். தைலம் ஒன்றுமில்லை. எலுமிச்சை... ஒரு நொடி எலுமிச்சை மாதிரி. மறுபடி முகர்ந்தால் இல்லை. பிரமையாக இருக்கும்.

நவம்பர் 23, ஞாயிறு

மறுபடி மழை. கடை இல்லை.

தர்ஷினி இரண்டு வாரமாக என்னிடம் ஒட்டுவதில்லை. ஸ்கூல் பையை எடுக்க வந்தாலும் சுவரோரமாகச் சுற்றிப் போகிறாள். இன்று தலை காய்ந்து செம்பட்டையாகப் பறந்தது. எண்ணெய் வைக்க விடுவதில்லை என்றார் அண்ணி. “அம்மாவுக்கு ஆவாதாம்.”

எண்ணெய்க் கிண்ணத்தோடு வாசற்படியில் உட்கார்ந்து கூப்பிட்டேன்.

“வேணாம்மா. ஒனக்கு வாந்தி வரும்.”

“வந்தா எடுத்துக்கறேன். நீ வா.”

வந்தாள். முதுகைக் காட்டி எட்டி உட்கார்ந்தாள். இழுத்து முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டேன். எண்ணெய் தடவினேன். வாயால் மூச்சு விட்டேன். கொஞ்ச நேரத்தில் முடியவில்லை, மூக்கு தானாக இழுத்துவிட்டது.

“நாறுதாம்மா?”

இந்த முறை பொய் சொல்லவில்லை.

“நாறுதுடி. ரொம்ப.”

“அப்ப வுடு.” எழப் போனாள். அழப்போகிற குரல்.

“ஒம் மேல ஒண்ணும் இல்ல. எம் மூக்குதான் பொய் சொல்லுது. உக்காரு.”

கொஞ்ச நேரம் விறைப்பாகவே இருந்தாள். பிறகு மெதுவாகச் சாய்ந்து தலையை என் மேல் வைத்தாள், எண்ணெய்த் தலையை, சரியாக என் முகவாய்க்குக் கீழே. அதே டயர்தான். அணைத்துப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் பின்னி முடிக்கும்வரை எழவில்லை.