கோச் சாருக்காக வந்த சட்டைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

டி-ஷர்ட்டில் முதலில் கண்ணில் பட்டது உன் கல்லூரிச் சின்னம். அதன் கீழே, "கோச் சாருடன் நிற்கிறோம்". இருநூறு உருப்படி. எங்கள் தாராவிப் பட்டறையில் பிசிறு வெட்டுவது என் வேலை, வெட்டினேன்.

வாங்க வந்தவள் ஓட்டப்பந்தய டீமில் உன்னோடு ஓடும் சஃப்ரீன். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"டீம்ல இருக்கணும்னா போட்டுத்தான் ஆகணும் புள்ள. ஒங்கக்கா குடுத்த புகாருக்குச் சாட்சி இல்லன்னு திங்கக்கெழம விசாரணைய மூடிருவாங்க."

பாண்டுப்பில் சித்தி வீட்டுக்குப் போன பிறகாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

அன்று கல்லூரிக்கு உனக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது, ஸ்டோர் ரூம் ஜன்னல் வழியாக நீ கோச் சார் கையைத் தள்ளியதைப் பார்த்தேன். உன்னிடம்கூடச் சொல்லவில்லை. எட்டாவதோடு நின்றவள் பேச்சை யார் நம்புவார்கள் என்று பயம்.

இன்று சஃப்ரீன் சட்டைகளை ஏற்றிய ஆட்டோவிலேயே ஏறி உன் கல்லூரிக்குப் போனேன். விசாரணைக் கமிட்டி மேடத்திடம் பார்த்ததைச் சொல்லி, கையெழுத்துப் போட்டேன்.

உன் தங்கை