ஓ.டி.யின் வயிற்றில் ஒரு காந்தம்

நவ. 4, செவ்வாய்

காலையில் வெயில், மதியம் மூட்டம். மழைக்கு முன்னால் வைக்கோல் போரைப் பார்த்துவிட வேண்டும் என்று கை விட்டுப் பார்த்தேன். உள்ளே சூடு இல்லை. வாடையும் நல்ல வாடை. மேற்கு மூலையில் ஒரே ஒரு கட்டு ஈரம் குடித்து வெள்ளையாகப் பூத்திருந்தது. இழுத்து எருக்குழியில் போட்டாயிற்று. பூஞ்சணம் பிடித்ததை மாட்டுக்குப் போட்டால் அப்புறம் நான்தான் ராத்திரி பகலாக உட்கார வேண்டும்.

அடியில் கம்பெனி பேலட் பலகை, மேலே தார்ப்பாய், அதன் மேல் பழைய லாரி டயர்கள். எல்லாம் இவர் ஏற்பாடு. டயர் பஞ்சர் கடையில் சும்மா கிடந்ததாம். போன வருடம் காற்றில் தார்ப்பாய் பறந்து பாதிப் போர் அழுகியது. இந்த வருடம் ஓரம்கூட அசையவில்லை. தினமும் ஒரு தடவை போர் முன்னால் நின்று, "பார்த்தியாம்மே, பொயலே வந்தாலும் நிக்கும்" என்கிறார். பாராட்டினால் தலைகால் புரியாது. அதனால் நான் பாராட்டுவதே இல்லை.

வைக்கோல் உருவும்போது விரலில் முள் ஏறிவிட்டது. எடுக்க வரவில்லை.

வாங்க: தாது உப்பு, கல் உப்பு, வெல்லம், எனக்கு ரப்பர் செருப்பு.
கோமாரி ஊசி: எல்லோருக்கும் போட்டாச்சு. சுட்டி மட்டும் டாக்டரம்மாவை உதைக்கப் பார்த்தாள்.

மாடுகளில் ஓ.டி. இன்றும் கடைசி. மற்ற நாலும் ஜெனரல் ஷிப்ட் பஸ் வரும் நேரத்துக்குத் தானாக வீடு வந்துவிடும். இவள் ஏரிக்கரையில் இன்னும் நாலு வாய் மேய்ந்துவிட்டு, இருட்டும் நேரத்துக்கு ஆடி அசைந்து வருவாள். ஓவர்டைம் பார்க்கிறவள் என்று இவர்தான் அந்தப் பெயர் வைத்தார். ஆறு மாதச் சினையில்கூட அடங்கவில்லை கழுதை.

நவ. 5, புதன்

தூறல். ஓ.டி. தொட்டியில் மூக்கை வைத்தாள், எடுத்துக்கொண்டாள். பால் பாதிதான். மேயப் போகவில்லை.

வயிறு மந்தம் என்று நினைத்து வெற்றிலை, மிளகு, சீரகம், உப்பு இடித்துக் கொடுத்தேன். துப்பினாள்.

மாடி அறையில் குடியிருக்கும் முத்துமாரி ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், போன் தயாரிக்கிற கம்பெனியில் லைனில் வேலை. கொட்டகை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். "யக்கா, இவ என்ன இப்படி நிக்கா? முள்ளு மேல நிக்க மாதிரில்லா நிக்கா!"

அப்புறம்தான் நானும் நன்றாகப் பார்த்தேன். முதுகு வளைந்து தூக்கி இருக்கிறது. முன்னங்கால் இரண்டையும் அகட்டி வைத்திருக்கிறாள். படுக்கப் போகிறாள், பயந்து மறுபடி நிமிர்கிறாள். காலையிலிருந்து அசை போடவே இல்லை.

டீ பிரேக்கில் இவர் போன். "அசை போட்டாளா?" இல்லை. "சரி, வை." வைத்துவிட்டு அடுத்த நிமிடமே மறுபடி போன். "இப்போ?"

நவ. 6, வியாழன்

டாக்டரம்மா வந்தார். ஓ.டி.யின் வயிற்றடியில் ஒரு கம்பைக் கொடுத்து ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மெல்லத் தூக்கச் சொன்னார். தூக்கியதும் "ம்ம்ம்" என்று ஒரு முனகல். எத்தனை வருடம் மாடு வைத்திருக்கிறேன், அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை.

"கம்பி முழுங்கியிருக்கும்மா" என்றார். "மாடு நாக்கால வாரி அப்படியே முழுங்கிடும், அப்புறம்தான் மெல்லும். கம்பி ரெண்டாவது வயித்துல போய் நிக்கும். அதுக்கு முன்னாடி நெஞ்சு. அதுல குத்திடுச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

சொன்னவை:
காந்தம் விழுங்க வைக்க வேண்டும். கம்பியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆயுசுக்கும் உள்ளேயே கிடக்கும். சரியான இடத்தில் இருந்தால் திசை காட்டியின் முள் அங்கே திரும்பும்.
முன்னங்கால் மேட்டில் நிற்க வேண்டும். கம்பி பின்னால் சரியும்.
தினமும் ஊசி. இவள் பால் யாருக்கும் கூடாது.
ஞாயிற்றுக்கிழமைக்குள் அசை போடாவிட்டால் சென்னைக்கு ஏற்றிப் போய் வயிற்றைத் திறக்க வேண்டும். சினை மாடு. உறுதி சொல்ல மாட்டேன் என்றார்.

கம்பி என்றதும் எனக்கு ரத்தம் கொதித்தது. எதிரே புதுக் கம்பெனிக்குச் சுற்றுச்சுவர் எழுப்புகிறார்கள். நேரே போய் மேஸ்திரியைப் பிடித்தேன். "யோவ், கம்பியெல்லாம் கண்ட எடத்துல போட்டு வெச்சிகினு கீறீங்களே, வாயில்லாத ஜீவன் திரியற எடம்னு தெரியாதா?"

பென்னலூர் ஆள். பொறுமையாகத்தான் சொன்னார். "எம்மா, கட்டுக்கம்பி ஒண்ணு வுடாம எடுத்து வெக்கிறோம்மா."

"எடுத்து வெச்சா மாட்டு வயித்துக்குள்ள எப்டிய்யா போச்சு? அதுவே நடந்து போச்சா?"

நான் விடவில்லை. சித்தாள்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை.

இவர் லீவு சொல்லிவிட்டு வண்டியில் காஞ்சிபுரம் போய்க் காந்தம் வாங்கி வந்தார். தொப்பலாக நனைந்திருந்தார், காந்தம் மட்டும் பாலிதீன் பையில், பையோடு சட்டைக்குள். விரல் நீளம், வழவழ. சாயந்திரம் டாக்டரம்மா குழாயில் வைத்துத் தொண்டைக்குள் தள்ளினார். விழுங்கிவிட்டாள். வெல்லம் என்று நினைத்திருப்பாள் பாவம்.

பேலட் இரண்டு அடுக்கி, மண் கொட்டி, மேலே பாய் போட்டு மேடு கட்டியிருக்கிறார். முன்னங்கால் அதன் மேல். மேடையேறிப் பேசப் போகிறவள் மாதிரி நிற்கிறாள். சிரிப்பு வந்தது, உடனே அழுகை வந்தது.

நவ. 7, வெள்ளி

கொட்டு மழை. அசை இல்லை.

மாட்டுத் தரகன் ஒருவன் குடை பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறான். யார் சொன்னார்களோ. "கம்பி துன்ன மாடு தேறாதும்மா. நின்னுகினு இருக்கும்போதே குடுத்துட்டா உனக்கும் நல்லது."

"கேட்டைத் தாண்டி ஒரு கால் உள்ள வெச்சுப் பாரு. அவ முட்ட மாட்டா, நான் முட்டுவேன்" என்றேன். போய்விட்டான்.

விரல் வீங்கிவிட்டது. முத்துமாரி புருவம் பிடுங்குகிற இடுக்கியை எடுத்து வந்து உட்கார்ந்தாள். "ஆடாம இருங்கக்கா... ஏ ஆத்தி, இது முள்ளு இல்லக்கா."

கம்பி. தலைமுடி மாதிரி மெல்லிசு. மஞ்சளாக மினுங்கியது.

கட்டுக்கம்பி கறுப்பு. இது வேறு. நான் கையை உதறிக்கொண்டு எழுந்து ஏணியைச் சாத்திப் போர் மேல் ஏறினேன். முதல் டயர். தேய்ந்து, உள்விளிம்பு பிய்ந்து, அதிலிருந்து கொத்துக் கொத்தாக மஞ்சள் கம்பி. தொட்டால் உதிர்கிறது. டயர் உரசி உரசித் தார்ப்பாயும் அங்கே நைந்து ஓட்டை. அடுத்த டயரும் அப்படியே. அதற்கு அடுத்ததும். மழையில் போர் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நம் வீட்டு வைக்கோல், நம் கையால் போட்டது.

இவர் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக வைத்திருந்தேன். பஞ்சர் கடைக்காரனில் ஆரம்பித்து இவர் குலம் முழுக்க. வந்தார். கம்பியை உள்ளங்கையில் வைத்தேன். பார்த்தார். தலையைத் தூக்கி டயரைப் பார்த்தார். ஓ.டி.யைப் பார்த்தார். முகம் அப்படியே வெளுத்துவிட்டது.

"நான்தானேம்மே வெச்சேன்" என்றார்.

நான் கம்பியை வாங்கி ஒரு தாளில் மடித்து வைத்தேன்.

"திட்டும்மே. நீ திட்டாம இருக்கறது பயமா கீது."

"அவ மொதல்ல அசை போடட்டும். அப்புறம் உக்கார வெச்சுத் திட்டறேன்" என்றேன்.

சாப்பிடவில்லை மனுஷன். நானும்தான்.

நவ. 8, சனி

விட்டு விட்டு மழை. விடிந்ததும் டயரெல்லாம் இறக்கியாச்சு. பதிலுக்கு மண் நிரப்பிய சிமெண்ட் சாக்கு. ஓ.டி. கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். அவ்வளவுதான்.

போரில் மீதி இருக்கிற வைக்கோலை என்ன செய்வது? எங்கே கம்பி இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மற்ற நாலும் பசியில் கத்துகின்றன.

கொல்லைப் பக்கம் சுத்தியல் சத்தம். போய்ப் பார்த்தால், இவர் தன் ஸ்பீக்கர் பெட்டியை உடைத்துக்கொண்டிருக்கிறார். கம்பெனிக்குப் போவதற்கு முன்னால் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தார். எல்லாம் போய்க் கடைசியாக மிஞ்சியது அந்த ஒரு பெட்டி. காயலான் கடைக்குப் போடுங்கள் என்று நான் எத்தனை தடவை கத்தியிருப்பேன். துணி போர்த்தி வைத்திருப்பார். பொங்கலுக்குப் பொங்கல் துடைப்பார்.

"ஏங்க, இன்னா பண்றீங்க? வேற காந்தம் வாங்கிக்கலாம் இல்ல?"

"வாங்கற வரைக்கும் அதுங்க இன்னா துன்னும்?" என்றார். நிமிரவில்லை.

பெரிய வட்டக் காந்தம். கயிறு கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொரு பிடி வைக்கோலாக உதறி, அதன் மேல் தடவித் தடவி எடுத்தார். நானும் எதிரே உட்கார்ந்தேன். சாயந்திரத்துக்குள் காந்தத்துக்கு மஞ்சள் மீசை முளைத்துவிட்டது.

எங்கள் கல்யாணத்துக்கு அந்தப் பெட்டியில்தான் பாட்டுப் போட்டார்கள். மாப்பிள்ளையே மணையிலிருந்து எழுந்து போய் ஒயரைச் சரி செய்துவிட்டு வந்தார், என் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அது ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. வைக்கோல் தூசி என்றேன். "ஆமாம், எனக்கும் தூசிதான்" என்றார்.

நாளை மறுநாள் காலை சென்னைக்குக் குட்டி யானை வண்டி சொல்லியிருக்கிறது.

நவ. 9, ஞாயிறு

மழை விட்டது. ஓ.டி. மேட்டில் நிற்கிறாள். கண்ணில் கொஞ்சம் தெளிவு. என் ஆசையாகவும் இருக்கலாம்.

முத்துமாரிக்கு லீவு. சிங்கப்பெருமாள் கோவில் வரை ஷேர் ஆட்டோவில் போய் மீன் வாங்கி வருகிறேன் என்று கிளம்பியவள், போகாமல் கொட்டகைக்கு வந்தாள். காந்தம் சரியான இடத்தில் இருந்தால் திசை காட்டி அங்கே திரும்பும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார் இல்லையா, அது போனிலேயே இருக்கிறதாம். போனை ஓ.டி.யின் இடது முன்னங்காலுக்குப் பின்னால் கொண்டுபோனாள். முள் சர்ரென்று திரும்பியது.

"யக்கா! வடக்கு இவ வயித்துக்குள்ள இருக்குங்கு!"

இவர் போனைப் பிடுங்கி வைத்துப் பார்த்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். சுட்டிக்கு வைத்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை. எனக்கு வைக்க வந்தார், கையைத் தட்டிவிட்டேன்.

காந்தம் இருக்கிறது. கம்பியைப் பிடித்ததா?

சோறு வடித்துக்கொண்டிருந்தேன். "ம்மே" என்று ஒரு குரல். சத்தமாகக்கூட இல்லை. கரண்டியோடு ஓடினேன். இவர் தரையில் குந்தி, அசையாமல், ஓ.டி.யின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஏப்பம். கழுத்துக்குள் ஓர் உருண்டை கீழிருந்து மேலே ஏறிப் போனது. அவள் தாடை அந்தப் பக்கம் போனது, இந்தப் பக்கம் வந்தது. மறுபடி அந்தப் பக்கம்.

அசை போடுகிறாள். என் ராஜாத்தி அசை போடுகிறாள்.

வண்டி வேண்டாம் என்று சொல்லியாச்சு. சோறு குழைந்துவிட்டது. அதையே எல்லோரும் வழித்துத் தின்றோம்.

சாப்பிட்டுவிட்டு இவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "சரி, இப்ப திட்டு."

ஆரம்பித்தேன். பஞ்சர் கடையில் தொடங்கி, சும்மா கிடைத்தால் எதையும் தூக்கி வரும் புத்தி, நான் சொல்லி எதையும் கேட்டதில்லை, எல்லாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாதியில் குறட்டை.

நவ. 11, செவ்வாய்

டாக்டரம்மா ஓ.டி.யின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். சுத்தமாக இருக்கிறது. கன்றும் அசைகிறது. ஊசி முடிந்தது, இன்னும் சில நாள் இவள் பால் வேண்டாம்.

மூத்த மாடு பெரியவள் பாலில் மோர் கடைந்து, இஞ்சி தட்டிப் போட்டு, ஒரு தூக்கு எடுத்துக்கொண்டு சுற்றுச்சுவர் மேஸ்திரியிடம் போனேன். "உங்க கம்பி இல்லீங்க. எங்க வூட்டு டயர்தான்."

"அதான் அன்னிக்கே சொன்னேனேம்மா" என்றார். "மாடு எப்டி கீது?"

உடனே அதைத்தான் கேட்டார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சித்தாள்கள் தூக்கைக் காலி செய்து கழுவியே கொடுத்தார்கள்.

நவ. 16, ஞாயிறு

இளவெயில். ஓ.டி.யை முதல் தடவையாக மேய விட்டோம். நாளெல்லாம் ஏரிக்கரைப் பக்கமே கண். பஸ் வரும் நேரத்துக்கு முன்னாலேயே திரும்பிவிட்டாள், மற்ற நாலு மாட்டுக்கும் முன்னால். நேரே மேட்டில் ஏறி நின்றுகொண்டாள்.

"சீக்கிரம் வந்துட்டாளே" என்றார் இவர். நல்லதுதானே என்றேன். அவருக்கும் பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. பயந்து போயிருக்கிறாள்.

நவ. 18, செவ்வாய்

இன்றும் முதலில் வந்தாள். தின்கிறாள், அசை போடுகிறாள், பால் ஏறுகிறது. எல்லாம் சரி. ஆனால் அவள் மாதிரி இல்லை.

இவர் ஷிப்டுக்குப் போகும் முன் போனை அவள் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார். "வடக்கு சரியா கீது" என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்க ஓடுகிறார்.

கம்பி பொறுக்கிய வைக்கோலை ஒரு பக்கம் அடுக்கியாச்சு. மேல் அடுக்கு முழுவதும் எருவுக்கு. மனசு வரவில்லை, ஆனாலும் போட்டாச்சு.

நவ. 19, புதன்

பளிச்சென்று வெயில். போரைத் திறந்து காற்றாட விட்டேன். கை விட்டுப் பார்த்தேன், சூடு இல்லை.

தாது உப்பு தீர்ந்துவிட்டது. ரப்பர் செருப்பு இன்னும் வாங்கவில்லை.

ஜெனரல் ஷிப்ட் பஸ் போய்விட்டது. பெரியவள், வெள்ளச்சி, சுட்டி, சுட்டியின் கன்று, நாலும் தொட்டியில். மேடு காலி. இவர் கேட் வரை போய் ஏரிக்கரையைப் பார்த்துவிட்டு வந்து, "அவ இன்னும் வரலம்மே" என்கிறார், வாயெல்லாம் பல்லாக.