குளிர்காலத்து மீத்தேன்

மார்ச் 3

லிஃப்டில் எதிர்வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். "எங்க வீட்டுல சிலிண்டர் தீர்ந்துபோச்சு. உங்க கிரகத்துலேர்ந்து கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்களேன்." வருடக்கணக்காக இதே ஜோக். எல்லாம் அம்மா செய்த வேலை. நாங்கள் ஆராயும் அந்தக் கிரகத்துக் காற்றில் மீத்தேன் வாயுவைக் கண்டுபிடித்தவர் எங்கள் ஆய்வுக்குழுத் தலைவர். நான் அவரிடம் கணக்குப் போடுகிறவள். அம்மாவோ கட்டடம் முழுக்க, "என் பொண்ணு கண்டுபிடிச்சது" என்று தம்பட்டம் அடித்து வைத்திருக்கிறாள். யாராவது அதைச் சொன்னால் நான் தலையைக் குனிந்துகொள்வேன். வேறென்ன செய்வது?

மார்ச் 6

நல்ல செய்தி. கோடையில் மீத்தேன் ஏறும், குளிரில் காணாமல் போகும் — தலைவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே இதுதான். அங்கே இப்போது கடுங்குளிர். ஆனால் தரையில் இறங்கி நிற்கும் எங்கள் கருவி அனுப்பிய புதுத் தரவில் மீத்தேன் ஏறியிருக்கிறது! தலைவர் என் மேஜைக்கே வந்துவிட்டார். "உன் பேரை முதல்ல போட்டுக் கட்டுரை எழுதும்மா. இன்டர்வியூவுக்கு இது போதும்."

நிரந்தர வேலை. நாற்பத்தாறு வயதில். ஒப்பந்தம் ஜூனோடு முடிகிறது. இனி நீட்டிக்க மாட்டார்கள்.

மார்ச் 7

அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன். இந்நேரம் வாட்ச்மேன் வரை போயிருக்கும்.

மார்ச் 12

குளிரில் எங்கிருந்து வந்தது? கட்டுரையில் காரணம் எழுத வேண்டுமே. அன்றைக்குக் கருவிக்கு என்னென்ன கட்டளை போயிற்று என்று பார்த்தேன். கருவிப் பெட்டியின் ஒரு கதவு குளிரில் இறுகிக்கொண்டது என்று நாங்களே ஹீட்டரைப் போட்டிருக்கிறோம். போட்டதும் மீத்தேன் ஏறியிருக்கிறது. அணைத்ததும் நின்றிருக்கிறது.

பெட்டிக்குள் ஒரு கண்ணாடிக் குப்பி உண்டு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இங்கிருந்தே மீத்தேன் நிரப்பி அனுப்பியது. சூட்டில் அதன் மூடி கசிந்தால்? கோடையில் பெட்டி தானாகவே சூடாகுமே —

இருக்காது. நாளைக்கு மறுபடி பார்க்கிறேன்.

மார்ச் 13

அதேதான்.

மார்ச் 14

பழைய கோடைகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். பெட்டி சூடான நாளில்தான் ஏறியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும். நாங்கள் கொண்டுபோன வாயுவை நாங்களே மோந்து பார்த்துவிட்டு ஊரைக் கூட்டியிருக்கிறோம். என் கட்டுரைகள் அத்தனையும் அந்தக் குப்பிக்குள்தான் இருக்கின்றன. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மார்ச் 17

தலைவரிடம் காட்டினேன். கத்துவார் என்று தயாராகப் போயிருந்தேன். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார்."

"இன்டர்வியூ முடியட்டும்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து நிதானமா எழுதலாம்."

என் நல்லதுக்காம். அதில் பொய்யும் இல்லை. வாயை மூடிக்கொண்டு போனால் வேலை கிடைத்துவிடும். கிடைத்த பிறகு அந்த வாயை எப்படித் திறப்பேன்?

ஏப்ரல் 2

இன்டர்வியூ. குளிர்கால மீத்தேன் பற்றித்தான் முதல் கேள்வி. பதிலை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். வந்தது வேறு. "அது அந்தக் கிரகத்தோடது இல்ல சார். நம்மளோடது." ஹீட்டர், குப்பி, எல்லாவற்றையும் சொன்னேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியை, "அப்போ இத்தனை வருஷமா நீங்க என்னதான் பண்ணீங்க?" என்று கேட்டார். நக்கலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

ஏப்ரல் 3

ராத்திரி முழுக்க என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஏண்டி சொன்ன? யாரு கேட்டா உன்னை?

ஏப்ரல் 19

வேலை இல்லை. அம்மாவிடம் அதை மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லத் தெம்பில்லை. "அவங்களுக்குக் கொடுத்துவைக்கல" என்றாள். பிறகு சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

மே 28

குப்பிக் கசிவைப் பற்றித் தலைவரின் கட்டுரை வந்துவிட்டது. அவர் பெயர் மட்டும். கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் நான், 'கணக்குகளில் உதவியதற்காக'. தன் கண்டுபிடிப்பைத் தானே மறுத்த நேர்மை என்று பேப்பரில் புகழ்ந்து தள்ளியிருக்கிறார்கள். அடுத்த கருவியைச் செய்யும் பொறுப்பும் அவருக்குத்தான். ஃபோன் செய்தார். எடுக்கவில்லை.

வயிறு எரியுது. வேற என்ன எழுத?

ஜூன் 30

அலுவலக அறையைக் காலி செய்தேன். ஜன்னலோரச் செடியை அடுத்த அறைக்காரியிடம் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 11

நகரத்துக் காற்றை அளக்கிற அலுவலகத்தில் தற்காலிகமாகச் சேர்ந்தேன். நாற்சந்தியில் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு பெட்டி, சுற்றிலும் லாரிப் புகை. முதல் வேலையாக மூடிகளை அழுத்திப் பார்த்தேன். கசிவு இல்லை.

சாயங்காலம் அம்மாவோடு திரும்பும்போது லிஃப்டில் எதிர்வீட்டுக்காரர். "என்னம்மா, அங்க கேஸே கிடையாதாமே? யாரோ ஒரு பெரிய சயின்டிஸ்ட் கண்டுபிடிச்சிட்டாராம். பேப்பர்ல படிச்சேன்."

நான் மாடி எண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவரு எங்க கண்டுபிடிச்சாரு?" என்றாள் அம்மா. "அதுவும் என் பொண்ணு கண்டுபிடிச்சதுதான்."

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. வழக்கம்போல அடித்துவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "அப்படியா?" என்றார்.

"ஆமா" என்றேன்.