முதல் குழாய் செட்டு சரியாகத்தான் இருந்தது

அன்புள்ள மாப்பிள்ளை வேலுச்சாமிக்கு,

நீ செய்த முதல் எக்ஸாஸ்ட் குழாய் செட்டு போன ஞாயிற்றுக்கிழமை அந்த எஞ்சினில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஸ்டீயரிங் ராடில் முட்டவில்லை. எங்கேயும் முட்டவில்லை. போல்டுகளை எல்லாம் கையாலேயே திருகினோம், ஸ்பானர் கடைசியில்தான் வேண்டியிருந்தது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது.

ஊர் முன்னால் உன்னை நான் ‘வாங்க மாப்ள’ என்றுதான் கூப்பிட்டேன். என் தங்கை சரசுவைக் கட்டியவன், மரியாதையை விட முடியுமா? ஆனால் உன் மெக்கானிக் ஷெட்டுக்குள் நாம் இரண்டு பேரும் தாராபுரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அங்கே நீ, நான்தான். இதுவும் ஷெட்டுக்குள் பேசித் தீர்த்திருக்க வேண்டிய பேச்சு. பேச ஆள் இல்லை. அதனால் ஊரே படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

படிக்கிறவர்களுக்கு வண்டியைப் பற்றித் தெரியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள். ஒரு மில்காரர் வீட்டுக் கொட்டகையில் கிடந்த பழைய அமெரிக்க வண்டி அது. இரண்டே கதவு, சின்ன உடம்பு, எஞ்சின் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. நான் வாங்கியது வந்த விலைக்குத் தள்ளிவிடத்தான். நீ அதைச் சுற்றிச் சுற்றி வந்தாய்.

“மச்சா, இந்தச் சின்ன வண்டிக்குள்ள அந்த ஊர்க்காரன் பெரிய எஞ்சினத் திணிச்சு ரேசே உட்டிருக்கான். நாமளும் போடோணும்.”

“யானையக் கொண்டுவந்து ஆட்டுப்பட்டில கட்டச் சொல்றியா?”

“கட்டிக் காட்டறேன். நீ சாணி அள்ள மட்டும் வந்தாப் போதும்.”

தூத்துக்குடியில் பழைய இரும்போடு வந்து இறங்கிய எட்டு சிலிண்டர் எஞ்சினைத் தேடிப் பிடித்ததும் நீதான். மங்கலம் ரோட்டில் இருக்கும் என் குடோனில், பனியன் வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவே, வண்டியை நாலு ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தினோம். எஞ்சின் உள்ளே போனது. போன பிறகுதான் தெரிந்தது, இரண்டு பக்கமும் விரல் நுழையும் இடம்தான் மிச்சம் என்று. அதற்குள் பக்கத்துக்கு நாலு குழாய், புகையை வாங்கிக்கொண்டு வளைந்து கீழே இறங்க வேண்டும்.

நீ என்ன செய்தாய் தெரியுமா என்று இப்போதும் வருகிறவர்களிடம் சொல்கிறேன். குடோனில் கிடந்த காலி நூல் கோன்களை எடுத்தாய். அட்டைக் கோனைச் சாய்வாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, டேப் ஒட்டி, எட்டுக் குழாய்க்கும் அட்டையிலேயே வழி போட்டாய். ஸ்டீயரிங் ராடுக்கும் மூன்றாவது குழாய்க்கும் நடுவே உன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துச் சிரித்தாய். அதைப் பார்த்து இரும்பில் வளைத்து வெல்டிங் செய்ய ஒரு மாதம் ஆனது.

இனி என் தப்பு.

எஞ்சினை உள்ளே இறக்கிய அன்று, அதைக் கீழிருந்து தாங்க நீ மரக்கட்டை கேட்டாய். கட்டை வாங்க ஆள் அனுப்பினால் அரை நாள் போகும். “மரம் எதுக்கு? கட்டிங் வேஸ்ட்ட அமுக்கிக் கட்டி மேல ஒரு பலகையப் போட்டாக் கல்லாட்டம் நிக்கும்” என்றேன். அப்படிக் கட்டி வைத்த துணி மூட்டையை நீ காலால் ஒரு தடவை உதைத்துப் பார்த்தாய்.

“இது இறங்காதா மச்சா?”

“முப்பது வருசமா நான் இதுலதான் பொழைக்கறேன். என்கிட்டயே கேக்கறியா?”

எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. பனியன் துணி அமுங்கும். மேலே பாரம் இருந்தால் நாளுக்கு நாள் இறங்கும், ஐப்பசி மழையில் ஈரம் ஏறினால் இன்னும் இறங்கும். என் குடோனில் அடுக்கின மூட்டை எத்தனை விரல் இறங்கும் என்று பார்க்காமலே சொல்லுவேன். மூட்டைக்குத் தெரிந்த கணக்கு உன் எஞ்சினுக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை? இந்த ஏழு மாதமாக என்னையே கேட்கிறேன். அன்றைக்கு ஒரு கையில் போன் வைத்துக்கொண்டுதான் உனக்குப் பதில் சொன்னேன். இதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை.

நீ குழாயோடு வந்தபோது எஞ்சின் முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. மூன்றாவது குழாய் ராடில் நேராக முட்டியது. நீ எஞ்சினைச் சந்தேகப்படவில்லை, என்னைச் சந்தேகப்படவில்லை. உன் கையைச் சந்தேகப்பட்டாய். “எடைக்குப் போட்டுரு” என்று அந்தச் செட்டை என் பக்கம் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்று வளைத்தாய். அதற்குள் இன்னும் கொஞ்சம் இறங்கிவிட்டது. மறுபடி முட்டியது. மூன்றாவது செட்டும் முட்டிய அன்று குழாயைத் தரையில் வைத்துவிட்டு, “கை போச்சு மச்சா” என்றாய். நான் என்ன சொன்னேன்? “வயசாகுதில்ல, கண்ணாடியப் போடு” என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அதற்குப் பிறகு நீ எஞ்சின் வேலையே எடுக்கவில்லை. ஆயில் மாற்றினாய், பஞ்சர் பார்த்தாய். வந்த எஞ்சின்களை எல்லாம் பக்கத்துப் பட்டறை ரஃபீக்கிடம் அனுப்பினாய். ‘வேலுச்சாமிக்குக் கை போயிருச்சு’ என்ற பேச்சு தாராபுரம் ரோடு முழுக்கப் போனது. ஒரு நாள் காலையில் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாய், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். அந்தப் பேச்சோடுதான் உன்னைத் தூக்கிக்கொண்டு போனோம்.

போன வாரம் குடோனைக் காலி செய்ய வேண்டி, வண்டியை நகர்த்த ரஃபீக்கைக் கூப்பிட்டேன். அவர்தான் பார்த்தார். எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தகட்டில், அட்டைக் கோனின் டேப்புக்குக் கீழே, சாக்பீஸ் கோடு. எஞ்சின் நிற்க வேண்டிய உயரத்தை முதல் நாளே நீ கோடு போட்டு வைத்திருக்கிறாய்; டேப் மறைத்துவிட்டதால் பிறகு நீயும் அதைப் பார்க்கவில்லை போல.

“ஏனுங்க, கோடு மேல இருக்குது, எஞ்சின் கீழ கிடக்குது?” என்று கேட்டார். கீழே குனிந்து பனியன் துணி மூட்டையைப் பார்த்தேன். பார்த்த உடனே புரிந்துவிட்டது.

ஜாக்கி வைத்து எஞ்சினைக் கோட்டுக்கு ஏற்றினோம். நீ எடைக்குப் போடச் சொன்ன முதல் செட்டு என்னிடமே இருந்தது. பழைய இரும்பைக் கூட நான் எளிதில் விடுகிறவனா? கொண்டுவந்து வைத்தோம். ஊசியில் நூல் போவதுபோல் போனது. ராடுக்கும் குழாய்க்கும் நடுவே ரஃபீக் சுண்டுவிரலை விட்டார். “நானும் நாலு பேர்கிட்டச் சொல்லிப்போட்டனுங்க, கை போயிருச்சுன்னு” என்றார். ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். யார் கேட்க?

அன்றைக்கே சரசுவிடம் போய்ச் சொன்னேன். அழவில்லை அவள்.

“போறதுக்கு முந்தின வாரம் டம்ளர்ல தண்ணி ஊத்திக் கையில நீட்டிப் புடிச்சுட்டே இருந்தாங்கண்ணா. நடுங்குதா பாரு சரசுன்னு கேட்டாங்க. இல்லீங்க, ஆடாம நிக்குதுங்கன்னு சொன்னேன். நம்பலீங்க. மறுக்கா மறுக்கா ஊத்திப் புடிச்சாங்க.”

வண்டியை நீயே வைத்துக்கொள் அம்மிணி என்றேன்.

“வண்டி மட்டும் போதாதுங்கண்ணா. உங்க தப்புக்கு ஒரு விலை சொல்றேன், குடுக்கறீங்களா?”

அவள் சொன்ன விலை பணமில்லை, தப்பு யாருடையது என்று ஊரறிய நான் சொல்வது. பேரம் பேசிப் பார்த்தேன், பழக்கம் விடுமா? எழுதிப் போட்டுவிடுகிறேன், போதுமா என்று கேட்டேன். “எழுதறதையும் எழுதுங்க, வாயில சொல்றதையும் சொல்லுங்க” என்றாள். என்னை மன்னித்தாளா என்று கேட்கத் துணிச்சல் இல்லை. வாசல் வரைக்கும் கூட அவள் வரவில்லை.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். இறங்கும் மாப்பிள்ளை. அந்தத் துணி இறங்கும். உன் கை போகவில்லை. உனக்கு இது கேட்காது என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

வண்டி, பொருந்திய அந்த முதல் செட்டோடு, உன் ஷெட்டில் நிற்கும். பானெட் திறந்தே இருக்கும். சரசு விற்கமாட்டாள், நானும் கேட்கமாட்டேன். என் தப்புக்கு நான் கொடுக்கும் விலை இந்தக் கடிதம் ஒன்று. மற்றது, அந்த ஷெட்டுக்கு யார் வந்து கேட்டாலும் தப்பு நாச்சிமுத்துவுடையது என்று என் வாயாலேயே சொல்வது. நான் இருக்கும் வரைக்கும். தள்ளுபடி கிடையாது. ஒப்புக்கொண்டேன்.

உன் மச்சான்,
நாச்சிமுத்து