கோடைக் கூடலை நிறுத்தக் கேட்ட உப்பங்கரை ஆசிரியர்களுக்கு

மழை தவறாது பொழிக. பள்ளிகளில் பிள்ளைகளின் குரல் ஓயாதிருக்க. செங்கழி நாடாளும் மாறவேள் மன்னனைப் பெற்றவரும், நாட்டின் எழுத்துப் பள்ளிகள் யாவற்றையும் தம் காவலில் கொண்டவருமாகிய இளவெயினி தேவியார், உப்பங்கரைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியை கொற்றி நங்கைக்கும், அவளோடு ஒப்பமிட்ட ஆசிரியப் பெருமக்களுக்கும் விடுக்கும் ஓலை.

எல்லோரும் நலந்தானே? உப்புக் காற்றில் கண் எரியுமே, இந்த ஆண்டு தேவலையா? உங்கள் மூத்த ஆசிரியர் பூதனாரின் முழங்கால் எப்படியிருக்கிறது? நல்லெண்ணெய் தடவச் சொன்னேன், தடவியிருக்க மாட்டார்.

அது இருக்கட்டும். உங்கள் விண்ணப்பம் வந்து சேர்ந்தது. ஆண்டுதோறும் வேனிலில் ஆசிரியர்கள் தலைநகரில் கூடிப் பயிலும் கோடைக் கூடலை இனி நிறுத்திவிடலாம் என்றும், புதிய பயிற்று முறைகளை ஓலையில் எழுதி அனுப்பினால் அவரவர் ஊரிலேயே படித்துக்கொள்வீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சென்ற கூடலில் வெயில் தாளாமல் கைக்குழந்தைக்காரி நக்கன் தேவி மயங்கி விழுந்ததையும் குறித்திருக்கிறீர்கள். படித்ததும் மன்னன் மனமிரங்கி முத்திரையைக் கையில் எடுத்தேவிட்டான். "கொஞ்சம் பொறுடா, இத நான் பாத்துக்கறேன்" என்று நான்தான் வாங்கி வைத்தேன். முத்திரை விழுந்திருந்தால் கூடல் அன்றோடு முடிந்திருக்கும்.

விண்ணப்பத்தின் முதலில் கொற்றியின் பெயரைக் கண்டதும் எனக்குப் பழைய கூடல்கள் நினைவுக்கு வந்துவிட்டன. வற்றிய ஏரியின் மணல், கரையோர மருத நிழல், பானை பானையாக நீர்மோர். மலைநாட்டாரும் கரைநாட்டாரும் தத்தம் ஊர் எழுத்துப் பாட்டே சிறந்ததென்று போட்ட சண்டை! வந்தவுடன் ஆசிரியர் அனைவரும் வலக்கையை இடைத்துணியில் செருகிக்கொண்டு, இடக்கையால் மணலில் எழுதியாக வேண்டும் என்பது கூடலின் வழக்கம். எழுதத் தெரியாதவர் படும் பாட்டைத் தெரிந்தவர் மறந்துவிடாதிருக்கவே இதை வைத்தோம். பெரும்புலவர்களின் எழுத்தெல்லாம் நண்டு ஓடிய தடமாகக் கிடக்கும்.

கொற்றி, உன் ஆசிரியர்கள் முன்னிலையில் சொல்கிறேனே என்று கோபிக்காதே. நீ முதன்முதலில் வந்தபோது பணி விலகும் ஓலையை மடியில் கட்டிக்கொண்டு வந்தாய். உப்பளத்தார் மகள் வெள்ளச்சி ஓராண்டாகியும் ஓரெழுத்தும் எழுதவில்லை. அவளுக்கும் வராது, உனக்கும் சொல்லித்தர வராது என்று என்னிடம் அழுதாய். கூடல் முடிந்ததும் ஓலையை வாங்கிக்கொள்கிறேன் என்று உன்னைப் பூதனாரிடம் உட்காரவைத்தேன்.

அவர் உனக்கு எதிரே குந்திக்கொண்டு, நீ இடக்கையால் எழுதியதைப் பார்த்து, "என்னம்மா இது, அகரமா? சுருண்டு படுத்த பூனை மாதிரியில்ல இருக்கு!" என்றார். ஏரியே சிரித்தது.

நீயும் விடவில்லை. "ஐயா, நீங்க மொறச்சுப் பாக்காம இருந்தா வருமுங்க. ஒங்க மூஞ்சியப் பாக்கறதா, மணலப் பாக்கறதா?"

"என் மூஞ்சிக்கு என்ன கொறச்சல்?"

நீ எழுதிக்கொண்டிருந்த கோடு பாதியில் நின்றது. "ஐயையோ, வெள்ளச்சியும் என் மூஞ்சியத்தானே பாத்துக்கிட்டு இருந்தா" என்றாய். பிறகு பூதனாரை எழுப்பி, உன் பக்கத்தில், நீ பார்க்கும் திசையையே பார்க்கும்படி உட்காரவைத்தாய். விலகல் ஓலை என்னிடம் வரவேயில்லை. ஊர் திரும்பி வெள்ளச்சியின் அருகில் அப்படியே அமர்ந்தாய் என்றும், தை பிறக்குமுன் அவள் தன் பெயரையும் தாயின் பெயரையும் எழுதினாள் என்றும் பின்னர் அறிந்தேன்.

ஒன்று சொல்கிறேன். மாணவர்க்கு எதிரே நில்லாது அருகே அமர்க என்ற ஆணை அதற்கு முந்தைய ஆண்டே ஓலையாக எல்லாப் பள்ளிக்கும் சென்றிருந்தது. நீயும் அதைப் படித்து ஒப்பமிட்டிருந்தாய். படித்தது உனக்குப் போதவில்லை. இவ்வாண்டு புதிதாய்ப் பணியேற்றவர்களுக்கு மட்டும் எப்படிப் போதும்?

ஆயினும் வெயிலைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. நக்கன் தேவி விழுந்ததை நானும் கண்டேன். ஆகவே ஆணை இது: கூடல் நில்லாது. ஏரி மணலை விட்டுக் குளிர்ந்த மருதவனத்தில் நடக்கும். காலைப்பொழுதில் மட்டுமே பாடம். கைக்குழந்தையோடு வருவோர்க்குத் தனிக் கொட்டகையும் செவிலியரும் உண்டு. மூத்தோர்க்கு விலக்கு இல்லை. கொற்றி நங்கை முன்வரிசையில் அமர்க.

இவ்வோலையைப் பள்ளிதோறும் உரக்கப் படித்துக் காட்டுக. மன்னன் முத்திரையோடு என் முத்திரையும் இதில் பதிந்துள்ளது. நீங்கள் ஒவ்வொருவரும் மறுவோலை விடுப்பீராக. நன்றாகப் படித்த பிள்ளைகளைப் பற்றி எழுத வேண்டாம். எந்தப் பிள்ளைக்கு உங்களால் சொல்லித்தர முடியாமல் போயிற்றோ, அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதி அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.